கல்லூரியில் இயற்பியல் செமினார்: நடத்துபவருக்கும் பேசுபவருக்கும் கேட்பவருக்கும்

பல கல்லூரிகளில் இயற்பியல் துறை செமினார் பெயருக்குத்தான் நடக்கிறது. பேசும் மாணவர் தன் கைடைப் பார்த்துப் பேசுவார், கைடு தலையாட்டுவார், முன்வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் தங்களுக்குள் புரிகிற மாதிரி ஏதோ கேட்பார்கள், பின்னால் இருக்கும் இரண்டாமாண்டு மாணவர்கள் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். விருந்தினர் வந்தாலும் இதே கதைதான், கைதட்டல் மட்டும் கொஞ்சம் அதிகம்.

என்னைக் கேட்டால், ஒரு செமினார் நன்றாக நடந்ததா என்று பார்க்க ஒரே சோதனை போதும். அந்தத் தலைப்பில் எதுவும் தெரியாமல் உள்ளே வந்த ஒருவர் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டாரா? கேட்டார் என்றால் நடந்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை எப்படி வரவழைப்பது என்பதைப் பற்றித்தான். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போகலாம்.

நடத்துபவர்களுக்கு

நாள், நேரம், அறை மூன்றையும் பருவத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள். ஒரு வாரம் செவ்வாய், அடுத்த வாரம் வெள்ளி என்று அலைந்தால் கூட்டம் மூன்றாவது வாரமே கரைந்துவிடும். பேச ஆள் கிடைக்காத வாரத்திலும் அந்த நேரத்தை விட்டுவிடாமல், ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து எல்லாரும் உட்கார்ந்து படியுங்கள்.

ஏற்பாட்டுக் குழுவில் ஆசிரியர் ஒருவரோ இருவரோ இருந்தால் போதும், மற்றவர்கள் மாணவர்களாக இருக்கட்டும். யாரை அழைப்பது என்பதில் மாணவர்கள் சொல்வதற்கு எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆசிரியர்களின் பழைய நண்பர்கள் மட்டுமே வந்துகொண்டிருப்பார்கள். மாணவர் பேச்சு என்றால் ஒரு மணி நேரத்தில் இருவர், ஆளுக்கு 15 நிமிடப் பேச்சு, 10 நிமிடக் கேள்வி. விருந்தினர் என்றால் 45 நிமிடம், அப்புறம் 15 நிமிடக் கேள்வி. பதினைந்து நிமிடத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். 1987 மார்ச் 18 இரவு நியூயார்க்கில் அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் உயர்வெப்பநிலை மீகடத்திகளை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருட்களை) பற்றி 51 பேர் வரிசையாகப் பேசினார்கள், ஆளுக்கு 5 நிமிடம்தான். விடியற்காலை மூன்று மணி தாண்டியும் ஆட்கள் கலையவில்லை. சொல்ல விஷயம் இருந்தால் நேரம் போதும்.

விருந்தினரைத் தேடும்போது பெரிய பெயர்களின் பின்னால் மட்டும் ஓடாதீர்கள். பிஎச்டி முடித்து ஓரிரு வருடம் ஆனவர்கள் பெரும்பாலும் அருமையாகப் பேசுவார்கள், ஏனென்றால் புரியாமல் இருந்த நாட்கள் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சையின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், வானிலை மாதிரிகளை ஓட்டுபவர், சிப் தயாரிப்பில் மெல்லிய படலங்களை அளப்பவர் என்று இவர்களையும் கூப்பிடுங்கள். இயற்பியல் படித்துவிட்டு என்ன செய்யலாம் என்ற கேள்வி ஒவ்வொரு மாணவருக்குள்ளும் இருக்கிறது, அதற்கு இவர்களைவிட நல்ல பதில் கிடையாது.

அழைப்புக் கடிதத்தை குறைந்தது இரண்டு மாதம் முன்னால் அனுப்புங்கள். அதில் "எங்கள் மாணவர்களுக்கு உங்கள் உரை பயனுள்ளதாக இருக்கும்" என்று பொதுவாக எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியவராது. கேட்கப்போகிறவர்கள் எத்தனை பேர், எந்த ஆண்டு, எதுவரை படித்திருக்கிறார்கள் என்று விவரமாக எழுதுங்கள். "பாதிப் பேர் இளங்கலை, குவாண்டம் இயக்கவியல் ஒரு பருவம் முடித்திருக்கிறார்கள், புலக்கோட்பாடு தெரியாது, முதல் 15 நிமிடம் எல்லாருக்கும் புரிகிற மாதிரி இருந்தால் நன்றி" என்று சொல்லிவிட்டால் நல்ல பேச்சாளர் அதற்கேற்ப ஸ்லைடுகளை மாற்றிக்கொள்வார். பயணச் செலவை யார் ஏற்பது என்பதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் அதைப் பேசுவது இருவருக்கும் சங்கடம். பேச்சுக்கு முன்போ பின்போ ஆசிரியர்கள் யாரும் இல்லாமல் மாணவர்கள் மட்டும் அவரோடு அரை மணி நேரம் உட்காரவும் இடம் ஒதுக்குங்கள். மேடையில் கேட்க முடியாதவற்றை அங்கேதான் கேட்பார்கள்.

பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி பேசினால் ஆராய்ச்சியின் கனம் குறைந்துவிடும் என்று சில விருந்தினர்கள் நினைப்பார்கள், சில ஆசிரியர்களும்கூட. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே 1825ல் தொடங்கிவைத்த வெள்ளிக்கிழமை மாலை உரைகள் பொதுவான கேட்பாளர்களுக்காகத்தான். ஜே. ஜே. தாம்சன், அணுவைவிடச் சிறிய துகள் ஒன்று இருக்கிறது என்பதற்கான தன் அளவீடுகளை 1897 ஏப்ரல் 30 அன்று விரித்துச் சொன்னது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை உரையில்தான். பிற்பாடு நாம் எலக்ட்ரான் என்று சொல்லும் துகள் அது. அதையே நிபுணர் அல்லாதவர்கள் முன் பேசலாம் என்றால் நம் ஆய்வையும் பேசலாம்.

இன்னொன்று, இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. விருந்தினர் வருவதற்கு முந்தைய நாள் ஒரு மாணவர் 20 நிமிடம் முன்னுரைப் பேச்சு கொடுக்கட்டும். வரப்போகிறவர் ஈர்ப்பலைகளைப் பற்றிப் பேசுகிறார் என்று வையுங்கள். ஈர்ப்பலைகளை உணரும் லைகோ கருவிக்கு 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கரங்கள், 2015 செப்டம்பர் 14ல் முதல் அலை வந்தபோது நீளம் மாறியது 10²¹ல் ஒரு பங்கு அளவுக்கு, அப்படியென்றால் 4 கிலோமீட்டரில் எவ்வளவு என்று பலகையில் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். 4×10⁻¹⁸ மீட்டர் வரும். புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ நானூற்றில் ஒரு பங்கு. இதை ஒருமுறை தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் மறுநாள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், "இவ்வளவு சின்ன மாற்றத்தை நில அதிர்வு மூழ்கடித்துவிடாதா?" என்று கேட்டே தீருவார்கள்.

பேசப்போகும் மாணவருக்கு

ஒரு உதாரணத்தையே கடைசிவரை பிடித்துக்கொண்டு போகலாம். பல கல்லூரி ஆய்வகங்களில் செய்யும் சோதனைதான்: எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் என்ற துகள் ஒன்று வானிலிருந்து வந்து, துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக்கான சின்டிலேட்டருக்குள் நின்று சிதைகிறது, நின்றபோது ஒரு துடிப்பு, சிதைந்து எலக்ட்ரான் வெளியேறும்போது இன்னொரு துடிப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆயிரக்கணக்கான முறை அளந்தால் மியூவானின் சராசரி ஆயுள் கிடைக்கும். நீங்கள் இதைச் செய்து முடித்திருக்கிறீர்கள், செமினாரில் பேச வேண்டும்.

தலைப்பு முதலில். "சின்டிலேட்டர் உணர்கருவி கொண்டு காஸ்மிக் மியூவான்களின் சராசரி ஆயுளை அளவிடுதல்" என்று எழுதுவீர்கள், ஏனென்றால் உங்கள் புராஜெக்ட் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. "15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த துகள் தரை வரை எப்படி வந்து சேர்கிறது?" என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே சோதனைதான், ஆனால் இரண்டாவதைப் படித்தவர் அறைக்குள் வருவார்.

அறிவிப்புப் பலகையில் போடும் சுருக்கம் ஐந்து வரிக்குள் இருக்கட்டும். என்ன கேள்வி, எப்படி அளந்தீர்கள், என்ன கிடைத்தது. முடிவை ஒளித்து வைக்காதீர்கள், இது துப்பறியும் கதை இல்லை.

பேச்சின் முதல் இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வழக்கமாக அது நன்றி சொல்வதிலும் "பேச்சின் அமைப்பு" என்ற ஸ்லைடிலும் போய்விடும். அறிமுகம், கோட்பாடு, சோதனை, முடிவு என்று வரிசை போட்ட அந்த ஸ்லைடால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை, எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு முரணோடு தொடங்குங்கள். மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்தில் அது கடக்கக்கூடியது 660 மீட்டர். பிறந்ததோ சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். ஆனாலும் இந்த நொடியில் உங்கள் விரித்த கைவழியாக ஏறத்தாழ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துங்கள். சிறப்புச் சார்பியல் படித்தவருக்கு விடை தெரியும் (வேகமாக ஓடும் துகளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது), படிக்காதவருக்கு கேள்வி மனதில் ஒட்டிக்கொள்ளும், இருவரும் உங்களோடு வருவார்கள்.

அடுத்து கருவி. படத்தை முழுசாக ஒரே ஸ்லைடில் கொட்டாமல் சின்டிலேட்டர், அதன் ஒளியைப் பிடிக்கும் போட்டோமல்டிப்ளையர் குழாய், துடிப்பைத் தரம்பிரிக்கும் மின்சுற்று என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். உங்கள் ஆய்வகத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றையும் போடுங்கள், கருப்பு டேப் சுற்றிய அந்தப் பெட்டியைப் பார்த்தால்தான் இதை நாமும் செய்யலாம் என்று ஜூனியர்களுக்குத் தோன்றும். டேப் எதற்கு என்று யாராவது கேட்பார்கள், வெளிச்சம் கொஞ்சம் கசிந்தாலும் குழாய் பொய்த் துடிப்புகளைக் கொட்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், அங்கேயே உரையாடல் தொடங்கிவிடும்.

சரி, கிராஃப். இயற்பியல் பேச்சின் உயிர் இதில்தான் இருக்கிறது, பெரும்பாலான பேச்சுகள் சொதப்புவதும் இங்கேதான். ஒரு கிராஃபைத் திரையில் போட்டவுடன் முடிவுக்குத் தாவாதீர்கள். கிடை அச்சில் என்ன, எந்த அலகு, செங்குத்து அச்சில் என்ன, ஒவ்வொரு புள்ளியும் எதைக் குறிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், முப்பது வினாடிகூட ஆகாது. நீங்கள் அந்தப் படத்தை மாதக்கணக்கில் பார்த்தவர், எதிரில் இருப்பவர் இப்போதுதான் பார்க்கிறார். மியூவான் விஷயத்தில் கிடை அச்சு இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம், செங்குத்து அச்சு அந்த நேரத்தில் சிதைந்தவை எத்தனை. முதலில் சாதாரண அளவுகோலில் சரியும் வளைவைக் காட்டி, அதே தரவை மடக்கை அளவுகோலில் போட்டு நேர்க்கோடாக மாறுவதைக் காட்டுங்கள். வலது ஓரத்தில் அந்தக் கோடு சரிவதை நிறுத்தித் தட்டையாகும், அது தற்செயலாக அடுத்தடுத்து வந்த வேறு மியூவான்கள் உண்டாக்கிய பின்னணி. இதை நீங்களே சுட்டிக்காட்ட வேண்டும். மறைத்தால் முன்வரிசை கேட்கும், சொன்னால் பின்வரிசை கற்றுக்கொள்ளும்.

பிழைக்கோடு இல்லாத புள்ளியைத் திரையில் போடாதீர்கள். அச்சில் எழுத்து கடைசி பெஞ்சிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டிய படத்தில் அது ஒருபோதும் இருக்காது, ஆகவே திரும்ப வரையுங்கள். சிவப்பையும் பச்சையையும் வைத்து இரண்டு வளைவுகளைப் பிரிக்காதீர்கள், அந்த வேறுபாடு தெரியாதவர்கள் எந்த அரங்கிலும் இருக்கக்கூடும். வண்ணப்படம் என்றால் வானவில் வரிசையை விட்டுவிட்டு விரிடிஸ் மாதிரி ஒரு வண்ண வரிசையைத் தேர்ந்தெடுங்கள், கருப்புவெள்ளையில் அச்சிட்டாலும் அது புரியும்.

இப்போது உங்கள் எண் 2.1 மைக்ரோ வினாடி என்று வந்திருக்கிறது, புத்தகத்தில் 2.197. "பிழை வரம்புக்குள் ஒத்துப்போகிறது, நன்றி" என்று முடித்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள், உங்கள் பேச்சிலேயே மிக அழகான இடம் இதுதான். வருகிற மியூவான்களில் நேர்மின் கொண்டவையும் எதிர்மின் கொண்டவையும் கலந்திருக்கும். எதிர்மின் மியூவானை பிளாஸ்டிக்கில் உள்ள கார்பன் அணுக்கரு சில சமயம் விழுங்கிவிடும், அதனால் அதன் ஆயுள் கொஞ்சம் குறைந்து தெரியும், இரண்டும் கலந்த சராசரி 2.197க்குக் கீழேதான் வரும். விலகலுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருப்பதைச் சொன்னால், அளவீடு என்பது புத்தக எண்ணை மீட்டெடுக்கும் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கோட்பாட்டு வேலையோ கணினி உருவகப்படுத்தலோ செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் புதிய முடிவுக்கு முன், எல்லாருக்கும் தெரிந்த ஒரு விடையை உங்கள் நிரல் சரியாகக் கொடுக்கிறது என்று காட்டுங்கள். தற்செயல் எண்களைக் கொண்டு கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் காந்த மாதிரிகளை ஆராய்கிறீர்கள் என்றால், சின்னச் சின்னக் காந்தங்கள் மேலே அல்லது கீழே மட்டும் நோக்கும் இருபரிமாணச் சதுர ஐசிங் மாதிரிக்கு ஆன்சாகர் 1944ல் துல்லியமான தீர்வு கண்டார், அதன்படி காந்தத்தன்மை மறையும் மாறுநிலை வெப்பநிலை வழக்கமான அலகில் 2.269. உங்கள் நிரல் அங்கே வெப்ப ஏற்புத்திறனின் உச்சியைக் காட்டுகிறதா? அந்த ஒரு படம் போதும், அதற்குப் பின் நீங்கள் சொல்வதை எல்லாரும் நம்பிக் கேட்பார்கள். சமன்பாடுகள் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். போட்டால் ஒவ்வொரு எழுத்தும் என்ன என்று சொல்லுங்கள், அப்புறம் ஏதாவது ஒன்றைப் பூஜ்ஜியமாக்கியோ மிகப் பெரிதாக்கியோ என்ன ஆகிறது என்று காட்டுங்கள். வழிமுறையைப் படிப்படியாக வருவிக்க வேண்டிய பேச்சு என்றால் ஸ்லைடை மூடிவிட்டுக் கரும்பலகைக்குப் போங்கள், கை எழுதும் வேகத்துக்கு மேல் உங்களால் ஓட முடியாது, கேட்பவருக்கு அது பெரிய நிம்மதி.

வேலை முடியவில்லை, விடை விநோதமாக வந்திருக்கிறது, பேசலாமா? தாராளமாகப் பேசலாம். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற நியூட்ரினோ சோதனைக் குழுவினர், 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்ததாகத் தெரிகிறது என்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் ஒரு செமினாரில் சொன்னார்கள். ஒளியை எதுவும் முந்த முடியாது என்னும் சார்பியல் உடைந்தது என்று அவர்கள் அறிவிக்கவில்லை, காரணம் தெரியவில்லை, சோதித்துப் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். சரியாகப் பொருந்தாத ஒரு ஒளியிழை கேபிள்தான் முக்கியக் காரணம் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. விநோதமான முடிவைச் சொல்லும் முறை இதுதான்: என்னென்ன சரிபார்த்தேன், எதைச் சரிபார்க்கவில்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறது.

ஒத்திகை கட்டாயம், அதுவும் சத்தமாக, நின்றுகொண்டு, நேரம் பார்த்து. ஒருமுறையாவது வேறு துறை நண்பர் முன் பேசிப்பாருங்கள், அவர் எங்கே கண்ணைத் திருப்புகிறாரோ அந்த ஸ்லைடை மாற்றுங்கள். 15 நிமிடத்துக்கு 12 ஸ்லைடு போதும். ஒவ்வொன்றிலும் எண் போடுங்கள், "ஏழாவது ஸ்லைடுக்குப் போங்கள்" என்று கேட்க வசதி. பிடிஎஃப் நகல் ஒன்று பென்டிரைவில், ஒன்று மின்னஞ்சலில். உங்கள் லேப்டாப்பில் அழகாக ஓடும் அனிமேஷன் அந்த அறையின் கணினியில் ஓடாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி முன்னால் போய் புரொஜெக்டரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி நேரம்

தலைமை வகிப்பவர் இங்கேதான் வேலை செய்ய வேண்டும். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் 24 வயது சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெள்ளைக் குறுமீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு இருப்பதைப் பேசினார். அடுத்து எழுந்த, அன்றைய பெரிய வானியலாளரான எடிங்டன் அதை அரங்கமே சிரிக்கும்படி கேலி செய்தார். பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. இயற்பியல் இளைஞர் பக்கம் இருந்தது, 1983ல் நோபல் பரிசும் வந்தது, ஆனால் அன்று அந்த அறையில் தலைமை வகித்தவர் செய்திருக்க வேண்டியது எளிய காரியம், பேசியவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம். உங்கள் செமினாரில் அந்த இரண்டு நிமிடம் எப்போதும் இருக்கட்டும், எதிரில் இருப்பவர் துறைத்தலைவராகவே இருந்தாலும்.

முதல் மூன்று கேள்விகள் மாணவர்களுக்கு மட்டும் என்று விதி வையுங்கள், ஆசிரியர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் சங்கடமான மௌனம் இருக்கும். அதை உடைக்க அவசரப்பட்டு ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் போச்சு, பத்து வினாடி பொறுங்கள், யாராவது கை தூக்குவார்கள். கேள்வியை மைக்கில் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கேள்வியே கேட்டிருக்காது. கேள்வி என்ற பெயரில் யாராவது ஐந்து நிமிடம் உரையாற்றத் தொடங்கினால், "பேச்சு முடிந்ததும் இதைத் தொடரலாம் சார்" என்று மரியாதையாக நிறுத்துங்கள்.

பேசுபவருக்கு: கேள்வி முடியும்வரை கேளுங்கள், பாதியில் பதில் சொல்லாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அதைக் கண்டுபிடிக்க என்ன செய்து பார்ப்பீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

கேட்க வருபவருக்கு

முக்கால்வாசி புரியாது, பேராசிரியர்களுக்கும் வேறு துறைப் பேச்சு அப்படித்தான். நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதப் பாருங்கள்: எதை அளந்தார்கள், எவ்வளவு வந்தது, பிழை எவ்வளவு. இவற்றில் ஒன்று பிடிபடவில்லை என்றால் அதுவே உங்கள் கேள்வி. அதுவும் தோன்றவில்லையா, இவற்றில் ஒன்றைக் கேளுங்கள்: இந்த முடிவு தவறாக இருந்தால் எதனால் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்? அந்த எண் பத்து மடங்கு பெரிதாக வந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? முதல்முறை செய்தபோது எது வேலை செய்யவில்லை? மூன்றாவதைக் கேட்டால் பேச்சாளர் முகமே மலரும், ஆய்வகத்தில் நடந்த உண்மையான கதை அப்போதுதான் வெளியே வரும்.

பேச்சு முடிந்த அன்றே நன்றிக் கடிதம் போகட்டும், மாணவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றிரண்டைக் குறிப்பிட்டு. வீடியோ எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், வெளியிடாத தரவைக் காட்டுபவர்கள் பலர், அவர்களுக்கு அது பெரிய விஷயம். ஸ்லைடுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு இடம் துறையில் இருக்கட்டும், அடுத்த வருடம் அதே சோதனையைச் செய்யும் மாணவர் அங்கிருந்துதான் தொடங்குவார். அடுத்த வாரம் யார் பேசுகிறார் என்பதை எல்லாரும் அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன் பலகையில் எழுதிவிடுங்கள்.